கண்ணாடித் தொட்டிப் பாசி சொன்ன சேதி

வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் சகோதரிகளே, உங்களில் பாசியோடு மல்லுக்கட்டாதவர் யாராவது உண்டா? இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், உங்களை நேரில் வந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேய்தேய் என்று தேய்த்துக் கண்ணாடியைப் பளபளவென்று ஆக்குவோம். புதன்கிழமை பார்த்தால் லேசாக ஒரு பச்சை. அடுத்த ஞாயிறு பழையபடி! நாம் தேய்ப்பதும் அது முளைப்பதுமாக இந்த ஆட்டத்துக்கு முடிவே கிடையாதா என்று அலுத்துப் போகிறது.

எங்கள் வீட்டுத் தொட்டி கொஞ்சம் விசேஷமானது. மானாம்பதியில், சுற்றிலும் நெல் வயலும் ஏரிப் பாசனமுமாக இருக்கிற ஊரில், ஒரு கடல் தண்ணீர்த் தொட்டி! என் மகன் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படிக்கிறான். லீவில் வந்தபோது கூடத்தில் நூற்றைம்பது லிட்டர் பிடிக்கிற தொட்டி ஒன்றை அமைத்தான். நல்ல தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவையைக் கரைத்தால் அது கடல் நீருக்குச் சமம். அதில் ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள். கடலில் பிடித்தவை அல்ல, பண்ணையில் பொரித்தவை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி மையத்தில் இந்த மீனை முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை நன்றாகத் தேர்ச்சி செய்திருக்கிறார்கள்.

"பவளம் எங்கேடா?" என்று கேட்டேன். படங்களில் பார்த்த ஞாபகம். "ம்மா, அதை வீட்டில் வைத்தால் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்று சிரித்தான். விஷயம் உண்மைதான். கல் பவளங்களை 2001-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ, பவளத்துக்கும் அதே பாதுகாப்பு. ஆகவே எங்கள் தொட்டியில் இருப்பது சிமெண்டிலே வார்த்த கல்லும், செயற்கைப் பவளமும்தான். யாராவது 'நிஜப் பவளம், நிஜப் பவளப் பாறை' என்று விற்க வந்தால் வாங்கிவிடாதீர்கள்.

லீவு முடிந்து அவன் கிளம்பிப் போனான். தொட்டி என் தலையில்!

முதல் மாதம் கல்லெல்லாம் பழுப்பாக மாவு தூவினதுபோல் ஆயிற்று. மூன்றாம் மாதம் அது போய், பச்சைப் பசேலென்று முடி முடியாகப் பாசி வளர்ந்து, பவளத்துக்குச் சடை போட்டுவிட்டது. அதையும் பிடுங்கி எடுத்தோம். அப்புறம் கருஞ்சிவப்பாக, கிழிந்த பட்டுத்துணி மாதிரி ஒரு வழவழப்பு, மணல் முழுவதும். "என்னாம்மா இது, தொட்டிக்குள்ள மூணு போகம் அறுவடையா?" என்று என் மாமியார் கேட்டார். ஊரில் யோசனைக்குப் பஞ்சமா? ஒருவர் மயில்துத்தம் போடச் சொன்னார். ஒருவர் பிளீச்சிங் பவுடர் என்றார். இன்னொருவர், காய்ச்சலுக்குத் தருகிற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போட்டால் சிவப்புப் பாசி மாயமாகிவிடும் என்றார்.

ஒன்றையும் நான் தொடவில்லை. ஏன் என்று சொல்கிறேன். மயில்துத்தம் என்பது செம்பு உப்பு. பாசியைக் கொல்லும், உண்மைதான். கூடவே நத்தை, இறால், நண்டு எல்லாவற்றையும் கொல்லும். கல்லிலும் மணலிலும் ஊறி நின்று பல நாள் கழித்தும் விஷமாகக் கசியும். பிளீச்சிங் பவுடர் மீனையே முடித்துவிடும். ஆன்டிபயாடிக் சமாசாரம் இன்னும் மோசம். அந்தச் சிவப்பு வழவழப்பு உண்மையில் பாசியே இல்லை, ஒளியில் உணவு தயாரிக்கிற ஒரு வகை பாக்டீரியா. மருந்து போட்டால் அது சாகும். கூடவே தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிற நல்ல பாக்டீரியாக்களும் சாகும். மருந்துக்குப் பணியாத கிருமிகளை வளர்த்து சாக்கடையில் விடுவதும் நாமே என்று ஆகும். குழந்தைக்கு டாக்டர் கொடுத்த மருந்தில் மிச்சத்தை எடுத்துவைத்து மீன் தொட்டியில் போடுவது பெரிய ஆபத்து, சகோதரிகளே.

சரி, பாசி ஏன் வருகிறது? அதற்கு வேண்டியவை இரண்டுதான். ஒன்று வெளிச்சம், இன்னொன்று உரம். பயிருக்கு எது உரமோ அதுவேதான் பாசிக்கும் உரம்: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். இவை தொட்டிக்குள் எப்படி வருகின்றன? மீன் தின்கிறது, கழிக்கிறது. தின்னாத தீனி அடியில் அழுகுகிறது. அதிலிருந்து அம்மோனியா வரும். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்கும். வேறு சில அதை நைட்ரேட் ஆக்கும். தோசை மாவைப் புளிக்கவைப்பதுபோல அவை வேலை செய்துகொண்டே இருக்கின்றன. அம்மோனியா மீனுக்கு விஷம்; நைட்ரேட் அவ்வளவு விஷம் இல்லை. ஆனால் பாசிக்குக் கல்யாண விருந்து!

பழுப்பு மாவு மட்டும் வேறு கதை. அதற்கு டயாட்டம் என்று பெயர். கண்ணாடி செய்யப் பயன்படும் சிலிக்காதான் அதன் ஓடு. தண்ணீரில் இருக்கிற சிலிக்காவைத் தின்று தீர்த்ததும் அது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். புதுத் தொட்டிக்கு வருகிற பாலாரிஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பயந்து தொட்டியைக் கலைக்க வேண்டியதில்லை.

மகனுக்கு போன் போட்டேன். "தண்ணீரைச் சோதித்துப் பாரும்மா" என்றான். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற சின்னப் பெட்டி ஒன்று வைத்துவிட்டுப் போயிருந்தான். பார்த்தேன். தொட்டியில் நைட்ரேட் கிட்டத்தட்ட இல்லவே இல்லை! "உரமே இல்லையேடா, பிறகு எப்படிப் பாசி வளருது?" என்றேன். அவன் சொன்ன பதில் என் மனதில் பதிந்துவிட்டது. "ம்மா, கல்லாப்பெட்டியில காசு இல்லைன்னா வியாபாரமே நடக்கலைன்னு அர்த்தமா? வர்றது வர்றதும் செலவாயிடுது. பாசி சாப்பிட்டுடுது. நீ உள்ளே வர்ற தண்ணியைச் சோதி."

உள்ளே வருகிற தண்ணீரா? ஆமாம். கடல் தொட்டியில் தண்ணீர் தினமும் ஆவியாகும். உப்பு ஆவியாகாது, அப்படியே நிற்கும். ஆகையால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரை ஊற்றி ஈடுகட்ட வேண்டும். நம் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியாததா? தொட்டி சூடேறாமல் இருக்க மேலே ஒரு சின்ன விசிறி ஓடுகிறது. அதனால் ஆவியாவது இன்னும் அதிகம். தினமும் இரண்டு லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கள் தோட்டத்து ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருவது.

சோதித்தேன். குழாயில் இருந்த நீர் செக்கச் செவேலென்று சிவந்தது. பெட்டியில் இருந்த அட்டையோடு ஒப்பிட்டால் 40-க்கும் 80-க்கும் நடுவே. லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராம் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். தினம் இரண்டு லிட்டர் என்றால் நூறு மில்லிகிராம். முப்பது நாளில் மூவாயிரம். அதை நூற்றைம்பது லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு இருபது மில்லிகிராம் ஏறுகிறது, ஒரே மாதத்தில்! பவளப் பாறை இருக்கிற நல்ல கடலில் ஒரு மில்லிகிராம்கூட இருக்காது. நான் தேய்த்துத் தேய்த்துப் பாசியை எடுத்துக்கொண்டே இருந்தேன். கிணறு மறுபக்கம் உரம் போட்டுக்கொண்டே இருந்தது. எப்படித் தீரும்?

இங்கே என் நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. காரணம் மீன் இல்லை. என் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

இளம் தாய்மார்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். நைட்ரேட் கலந்த தண்ணீர் பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் செய்வதில்லை. ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட பச்சைக் குழந்தையின் வயிற்றில் அந்த நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தில் கலந்து, பிராண வாயுவைச் சுமக்கிற சிவப்புப் பொருளை வேலை செய்ய விடாமல் ஆக்கிவிடும். குழந்தையின் உதடு, நகக்கண், தோல் எல்லாம் நீலம் பாரித்துவிடும். நீலக் குழந்தை நோய் என்று இதைச் சொல்கிறார்கள். 1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கோம்லி என்ற டாக்டர்தான், கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்த குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுத் தர நிர்ணயம்.

இதில் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் ஆவியாகி, மிஞ்சுகிற நீரில் அது இன்னும் கெட்டியாகும். மீன் தொட்டியில் நடந்தது போலவேதான்! துணியில் வடிகட்டுவதோ, மெழுகுவர்த்தி மாதிரி இருக்கிற வடிகட்டியோ, ஒளியால் கிருமி கொல்லும் கருவியோ இதற்கு உதவாது. ஆர்.ஓ. கருவி பெருமளவு குறைக்கும். ஆனால் அதன் சவ்வு பழசானால் அதுவும் விட்டுவிடும். எல்லாவற்றிலும் மேலான வழி ஒன்று உண்டு: தாய்ப்பால். தாய் குடிக்கிற தண்ணீரில் நைட்ரேட் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் தாய்ப்பாலில் அது அதிகம் சேர்வதில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு பலம்.

என் சோதனைப் பெட்டி மீனுக்காக வந்தது. அதை நம்பிக் குழந்தை விஷயத்தில் முடிவு செய்ய முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தோம். முடிவு வந்தது. அளவுக்கு மேல்தான். வயல்களில் போடுகிற யூரியா மழையில் கரைந்து நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. கிணற்றடிக்குப் பக்கத்திலேயே எருக்குழியும் கழிவுநீர்க் குழியும் இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். எருக்குழியை மேட்டிலிருந்து எடுத்துப் பள்ளப் பக்கம், கிணற்றுக்குத் தூரமாக மாற்றினார் எங்கள் வீட்டுக்காரர். குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் ஏற்பாடாயிற்று. பேரன் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே இவ்வளவும் நடந்துவிட்டது. அவன் இப்போது தவழ்ந்து போய்த் தொட்டியைத் தட்டிக்கொண்டிருக்கிறான்!

இனி தொட்டிக்கு வருவோம். பாசி திரும்பத் திரும்ப வருகிறது என்கிறவர்கள் கீழே சொல்கிறதைச் செய்து பாருங்கள். நல்ல தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

தண்ணீர்: ஆவியானதை ஈடுகட்ட ஆர்.ஓ. நீரையே ஊற்றுங்கள். வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுப் புது உப்பு நீர் மாற்றுங்கள். எங்கள் தொட்டிக்குப் பதினைந்து லிட்டர், அதற்கு உப்பு அரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

தீனி: இரண்டே நிமிஷத்தில் மீன் தின்று தீர்க்கிற அளவு போதும். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம், பாவம் பசிக்கிறதே என்று ஒரு கிள்ளு போட்டுவிட்டுப் போவார்கள். தீனி டப்பாவை அலமாரியில் பூட்டி வையுங்கள். உறைய வைத்த இறால் தீனியாக இருந்தால், கரைந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டு, அலசிப் போடுங்கள். அந்த நீரிலும் பாஸ்பேட் இருக்கிறது.

வெளிச்சம்: எட்டு மணி நேரம் போதும். மறதிக்கு மருந்தாக ஒரு டைமர் வைத்துவிடுங்கள். ஜன்னல் வெயில் தொட்டியில் விழக் கூடாது.

நுரை எடுக்கும் கருவி: பருப்பு கொதிக்கும்போது மேலே வருகிற நுரையைக் கரண்டியால் வழித்து எடுக்கிறோமே, அதே தத்துவந்தான். கடல் நீரில் நுண்ணிய காற்றுக் குமிழிகளை விட்டால் அழுக்கு அதில் ஒட்டி நுரையாக மேலே வந்து கிண்ணத்தில் சேரும். அழுகுவதற்கு முன்பே கழிவை வெளியே எடுத்துவிடுவதால் இது பெரிய உதவி. கிண்ணத்தை நாள் தவறாமல் கழுவுங்கள்.

கைவேலை: முடிப் பாசியைக் கல்லோடு வெளியே எடுத்து, பழைய பல் தூரிகையால், ஒரு வாளி உப்பு நீரில் வைத்துத் தேயுங்கள். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துணுக்குகள் பறந்து பத்து இடத்தில் முளைக்கும். பச்சைக் கோலிக்குண்டு போல உருண்டையாக ஒரு பாசி வரும். அதை நசுக்கிவிடாதீர்கள், உள்ளே இருப்பது சிதறிப் பரவும். முழுசாகக் கழற்றி எடுங்கள். சிவப்பு வழவழப்பை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, மூன்று நாள் விளக்கை அணைத்துப் போர்வையால் மூடி வையுங்கள். காற்றுக் குழாய் மட்டும் ஓடட்டும். மூன்றாம் நாள் திறந்ததும் நீர் மாற்ற வேண்டும். செத்த பாசி அழுகி மறுபடி உரமாகிவிடும், கவனம்.

தின்கிறவர்கள்: கடல் நத்தை இரண்டு மூன்று விடலாம். சட்டம் அனுமதிக்கிற வகைதானா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

பாசிக்குப் பாசி: கேட்க வேடிக்கையாக இருக்கும். தொட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை தடுத்து, அதில் நூல்கண்டு போல வளர்கிற நல்ல பாசி ஒன்றைப் போட்டு, ராத்திரியில் விளக்குப் போடுகிறோம். அது உரத்தைத் தின்று கொழுக்கும். வாரம் ஒரு பிடி அறுத்து எடுத்துவிட்டால் உரமும் கையோடு வெளியே போய்விடும். முள்ளை முள்ளால் எடுப்பது! அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்து வால்ட்டர் ஏடி என்ற விஞ்ஞானி பவளப் பாறைத் தொட்டிகளுக்கு இந்த வழியைத்தான் வளர்த்தெடுத்தார்.

ஒரு எச்சரிக்கை. உரத்தை அடியோடு பூஜ்யமாக்கவும் முயலாதீர்கள். மிகவும் வறண்டுபோன தொட்டியில், குமிழி கோத்த பழுப்புக் கோழை மாதிரி இன்னொரு வகை நுண்ணுயிர் கிளம்பும். அது பாசியைவிடப் பொல்லாதது. எதிலும் அளவுதான் அழகு.

கையில் வெட்டுக் காயம் இருந்தால் உறை போட்டுக்கொண்டே தொட்டியில் கையை விடுங்கள். மீன் தொட்டி நீரில் இருக்கிற ஒரு கிருமி காயத்தில் புகுந்து, மாதக்கணக்கில் ஆறாத கொப்புளத்தை உண்டாக்கக்கூடும். அப்படி ஏதாவது வந்தால் டாக்டரிடம் மீன் தொட்டி இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்க வேண்டாம். தண்ணீரில் கை வைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஒயர் தொட்டியிலிருந்து கீழே தொங்கி, பிறகு மேலேறி பிளக்குக்குப் போக வேண்டும். அப்போதுதான் வழிகிற நீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும்.

நம் வீட்டுக் கூடத்தில் நடப்பது பெரிய கடலிலும் நடக்கிறது. 1983-ல் கரீபியன் கடலில் ஒரு நோய் வந்து, உடம்பெல்லாம் கறுப்பு முள்ளாக இருக்கும் கடல் முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. பாறைமேல் பாசியை மேய்ந்துகொண்டிருந்தவை அவைதான். மேய்கிற மீன்களை ஏற்கெனவே அளவுக்கு மேல் பிடித்திருந்தார்கள். 1980-ல் ஒரு பெரும்புயலும் பவளத்தை நொறுக்கியிருந்தது. 1970-களின் கடைசியில் ஜமைக்காவில் பாறையில் பாதிக்கு மேல் உயிர்ப் பவளம் மூடியிருந்ததாம். 1990-களின் தொடக்கத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் மிச்சம். தொண்ணூறு பங்குக்கு மேல் பாசி! நம் தொட்டிக்கு இரண்டு நத்தை ஏன் வேண்டும் என்பது இப்போது புரிகிறதல்லவா?

நம் மன்னார் வளைகுடாவிலும் ஒரு கதை உண்டு. அங்கே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள். 1986-ல் அதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ராமநாதபுரம் கரையில் பெண்கள் மூங்கில் மிதவை கட்டி கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்க்கிறார்கள். ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்குகிற பொருள் அதிலிருந்து வருகிறது. பல குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. ஆனால் 2008-ல், அந்தப் பாசி குருசடைத் தீவுப் பக்கம் உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்து மூடுவதை விஞ்ஞானிகள் கண்டு எழுதினார்கள். பிறகு கையால் பிடுங்கி எடுக்கும் வேலை. பிடுங்கப் பிடுங்கத் துளிர்க்கும் என்பது நமக்குத் தெரியாததா? பாசி கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ரம்ஜான் மாதத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற கடல்பாசி இனிப்பும் பாசியிலிருந்து வருவதுதான். இடம் மாறி, அளவு மீறினால்தான் தொல்லை.

அதனால் தொட்டியிலிருந்து எடுத்த பாசியை எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். 1984-ல் மத்தியதரைக் கடலில், மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே, காலெர்ப்பா என்ற தொட்டிப் பாசி ஒரு சதுர மீட்டர் அளவுக்கு முளைத்திருந்ததைக் கண்டார்கள். பிறகு அது பல நாட்டுக் கடற்கரைகளுக்குப் பரவி, கடற்புல்லையெல்லாம் மூடிவிட்டது. நம் ஏரிகளில் வெங்காயத் தாமரை செய்கிற அட்டகாசத்தைப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமாக இராது. எங்கள் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காக எல்லோரும் புகழ்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய அந்தக் கல்வெட்டில் ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு இருந்தது எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நீருக்கு ஒரு பொறுப்பாளர்! நாமும் நம் பங்குக்கு, பிடுங்கிய பாசியை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுவோம். வேண்டாத மீனையும் நத்தையையும் ஏரியில் விடாமல் கடைக்கே திருப்பிக் கொடுப்போம்.

எங்கள் தொட்டி தெளிய எத்தனை நாளாயிற்று என்று கேட்பீர்கள். ஊற்றுகிற தண்ணீரை மாற்றிய பிறகு பத்து வாரம். முதல் மூன்று வாரம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கல்லில் ஊறியிருந்த உரம் தீர வேண்டுமே! பிறகு முடிப் பாசி வெளிறியது, நுனி உதிர்ந்தது, நத்தைகள் மிச்சத்தை மேய்ந்தன. இப்போதும் கண்ணாடி ஓரத்தில் லேசாகப் பச்சை வரத்தான் செய்கிறது. பங்குனி, சித்திரையில் கொஞ்சம் கூடுதலாக வரும். வந்தால் நான் பதறுவதில்லை. தீனி கூடிவிட்டதா, வெளிச்சம் கூடிவிட்டதா, தண்ணீர் மாறிவிட்டதா என்று மூன்றையும் வரிசையாகப் பார்ப்பேன். பெரும்பாலும் மூன்றில் ஒன்று அகப்பட்டுவிடும்.

மீன் தொட்டி இல்லாத வீட்டிலும் கிணறு இருக்கும், குழாய் இருக்கும். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தாலோ, கைக்குழந்தை இருந்தாலோ, இந்த வாரமே ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை. 45 என்கிற எண்ணை மட்டும் சமையலறைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.